பூங்காவுக்குள் நாலடி

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ சொன்ன ஒரு வார்த்தையைத் திருத்தத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உனக்குக் கல்யாணமாகி இருபது நாள் ஆகிறது. கிருஷ்ணகிரியில் பிறந்து வளர்ந்த உன் மனைவிக்கு நம் மத்திகிரிப் பக்கம் எல்லாமே புதிது. நம் லேஅவுட் பூங்காவில் உன்னோடு நடந்துகொண்டிருந்தவள், இதை யார் உண்டாக்கியது என்று கேட்டாள். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்கப்பா பார்க்கைத் திருடுனாரு, எங்கம்மா திருப்பி வாங்கினாங்க" என்றாய். அவள் சிரித்தாள். பத்தடி தள்ளி செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த உன் அப்பாவும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நீ அதைப் பொய்யென்று தெரிந்து சொல்லவில்லை. எட்டு வயதிலிருந்து நீ கேட்ட கதை அதுதான். அந்தக் கதை அப்படி நிலைத்துப்போக விட்டவள் நான். அடுத்த வாரம் நீங்கள் இருவரும் புனேவுக்குக் கிளம்புகிறீர்கள். அதற்கு முன் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

இதைப் படித்துவிட்டு மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடாதே. யார் படித்தாலும் எனக்குச் சம்மதம். அடுத்த வீதி ஜமீலாக்காவுக்கும் நம் வரிசைச் சரோஜாவுக்கும் ஏற்கெனவே படித்துக் காட்டிவிட்டேன். சரோஜாவைப் பற்றி எழுதியிருப்பதில் எதையாவது எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

நான் பர்கூர் பக்கத்துக்காரி என்பது உனக்குத் தெரியும். ராகியும் கொள்ளும் விளைகிற மேட்டு நிலத்துக் குடும்பம். டிப்ளமோ முடித்த கையோடு ஓசூருக்கு அப்ரண்டிஸாக வந்தேன். வண்டிகளுக்கு உதிரி பாகங்கள் செய்கிற கம்பெனி அது. இரண்டே வருடத்தில் என்னை இன்ஸ்பெக்ஷன் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். என் முன்னால் ட்ராயிங் விரித்திருக்கும், கையில் அளக்கிற வெர்னியர் இருக்கும். தலைமுடியின் கனத்தில் பாதி கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பாகத்தில் சிவப்பு மை வைத்து ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும். நான் சிவப்பு வைத்தால் வைத்ததுதான். ஷிஃப்ட் சூப்பர்வைசரே வந்து கேட்டாலும் மாற்ற மாட்டேன். உன் அப்பா வேறொரு கம்பெனியில் உலைப் பக்கம் வேலை. நாள் முழுக்க நெருப்புக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிற மனிதர், வீட்டில் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மத்திகிரியில் ஒற்றை அறை வாடகை வீட்டில் நீ பிறந்தாய். உனக்கு இரண்டு வயதானபோது இந்த லேஅவுட்டில் முப்பதுக்கு நாற்பது மனை ஒன்றை வாங்கி, வீடு கட்டத் தொடங்கினோம்.

நம் மனைக்குப் பின்னால் ஒரு பெரிய வெட்டவெளி கிடந்தது. சீமைக் கருவேலம் மண்டியிருக்கும். இரவில் எவரெவரோ லாரியில் வந்து குப்பை கொட்டிவிட்டுப் போவார்கள். லேத் பட்டறைகளில் இரும்பைச் சீவும்போது விழுகிற சுருள் சுருளான சிம்பு, உடைந்த கல், பழைய டயர் எல்லாம் குவிந்து கிடந்தது. செருப்பில்லாமல் அங்கே எவரும் கால் வைக்க மாட்டார்கள். பின் சுவர் எழுப்புகிற நாளில் மேஸ்திரி கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்க இடமில்லையே என்று எனக்கு மனசு அரித்தது. பக்கத்து வீடுகளிலும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளித்தான் கட்டியிருந்தார்கள். உன் அப்பா, நம் அளவுக்குள்ளேயே இருக்கட்டும், பின்னால் எவனாவது வந்து கேட்டால் பதில் சொல்ல முடியாது என்றார். நான்தான் கயிற்றின் முனையை எடுத்து நாலடி தள்ளிப் பிடித்தேன். "காலியாத்தான கெடக்குது, யாரு கேக்கப் போறாங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு மேஸ்திரியைப் பார்த்துத் தலையாட்டினார். இதுதான் கண்ணு, நீ திருத்திக்கொள்ள வேண்டியது. சுவரைத் தள்ளிக் கட்டச் சொன்னது உன் அப்பா இல்லை, நான். அந்த நாலடியில் குளியலறையும் துவைக்கிற கல்லும் வந்தன. ஆறு வருடம் அந்தக் கல்லில்தான் உன் பள்ளிச் சட்டையைத் துவைத்தேன்.

நீ மூன்றாம் வகுப்புப் படித்தபோது ஒரு காலையில் அந்த வெட்டவெளியில் ஆட்கள் வந்து முளைக்குச்சி அடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். மூன்று மனைகள் என்றார்கள். லேஅவுட் போட்டவரின் ஆள் ஒருவர், வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு தோல் பை, நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் ஜமீலாக்கா நம் வீட்டுக்கு வந்தார். அடுத்த வீதியில் தையல் கடை வைத்திருந்தார், உனக்குப் பள்ளி நிக்கர் தைத்துக் கொடுத்தவர். அவருடைய கணவர் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிக்குப் போய் வருகிறவர். தங்கள் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுத்திருந்த வரைபடத்தின் ஜெராக்ஸை அக்கா என் முன்னால் விரித்தார். "ட்ராயிங் படிக்கறது ஒனக்குத்தான வேல. இது என்னான்னு பாத்துச் சொல்லும்மா" என்றார். பார்த்தேன். நம் வரிசைக்குப் பின்னால் கோடு கோடாக நிரப்பிய ஒரு சதுரம். உள்ளே பொடி எழுத்தில் 'பூங்கா' என்று போட்டிருந்தது. நீளம் நூற்றிருபது அடி, அகலம் தொண்ணூறு அடி. எங்கள் எல்லோரிடமும் அந்தத் தாள் இருந்தது. எவரும் பிரித்துப் பார்த்ததில்லை. ஆறு வருடமாக ஒரு பூங்காவுக்குள் குப்பையைக் கொட்ட விட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு சூடாகிறது. நீங்கள் எல்லாம் கன்டெய்னர் லாரி போகிற தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தீர்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிற பெண்கள் உட்கார்ந்து மூச்சு விட ஒரு இடம் இல்லாமல் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டிருந்தார்கள். நாலு வீதிப் பெண்களையும் கூட்டி, நானே மனு எழுதுகிறேன், அளந்து படம் போட்டு இணைக்கிறேன் என்று சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஸ்டோரில் கேட்டு வாங்கி வந்த நீள டேப்போடு நானும் ஜமீலாக்காவும் இறங்கினோம். நீளம் சரியாக நூற்றிருபது வந்தது. அகலத்துக்கு நான் எதிர்ப் பக்கக் கால்வாய் ஓரத்து எல்லைக் கல்லில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா மறு முனையைப் பிடித்துக்கொண்டு முள்ளுக்குள் புடவையைத் தூக்கிச் செருகியபடி நடந்து போய், நம் வீட்டுப் பின் சுவரில் வைத்தார். என் கைப் பக்கம் டேப் எண்பத்தாறு அடி காட்டியது. எவ்வளவு என்று அக்கா அங்கிருந்து குரல் கொடுத்தார். தொண்ணூறு என்றேன். படத்திலும் தொண்ணூறு என்றே எழுதினேன். அடுத்தவர் செய்த பாகங்களுக்கு மயிரிழைக்குச் சிவப்பு மை வைத்தவள், என் வீட்டுச் சுவர் என்று வந்ததும் நாலடியை விழுங்கினேன்.

மனுவைக் கொடுக்கக் கிளம்பவிருந்த நாளுக்கு முதல் நாள், அந்தத் தோல் பைக்காரர் நம் வீட்டுக்கு வந்தார். உன் அப்பா வேலைக்குப் போயிருந்தார். வாசலில் நின்றபடியே தண்ணீர் கேட்டுக் குடித்தார். மரியாதைக் குறைவாக ஒரு சொல் இல்லை. பின் பக்கம் வரை எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க சுவரு நாலடி உள்ள இருக்குது. நாங்க அதப் பத்திக் கேக்கல. நீங்களும் எங்களக் கேக்காதீங்க" என்றார். டம்ளரைக் கழுவித் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். மனு என் கைப்பைக்குள்ளேயே இருந்துவிட்டது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினேழு நாள். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கேட்டபோதெல்லாம் கொடுத்துவிட்டேன், பதில் வரும் என்றேன். உன் அப்பாவிடம்கூட அப்படித்தான் சொன்னேன். அந்தப் பதினேழு நாளில் உன்னை ஒன்றுமில்லாததற்கு இரண்டு முறை அடித்தேன். உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

பதினெட்டாம் நாள் பொக்லைன் வந்து ஒரு மனைக்கு அஸ்திவாரக் குழி பறித்தது. ஜமீலாக்கா தையல் கடையைப் பாதியில் விட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடா தொங்க வந்து நின்றார். மனு என்னவாயிற்று என்று கேட்டார். கைப்பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தேன். கொடுக்கவில்லை அக்கா என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டேப்போட அந்த மொனைய நான்தான புடிச்சன். ஒங்க செவுரு எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நீயா சொல்லுவன்னு இருந்தன்" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு, இப்ப என்ன பண்ணப் போறே என்று மட்டும் கேட்டார்.

இந்த இடத்தில் நீ ஒன்றைக் குறித்துக்கொள். நாளைக்கு உன் மனைவி ஒரு தப்புச் செய்வாள், நீ நாலு செய்வாய். ஜமீலாக்கா எனக்குச் செய்ததைப் போல, அவளாகச் சொல்ல ஒரு அவகாசம் கொடு. ஆனால் அஸ்திவாரம் பறித்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருக்காதே. வந்து உட்கார்ந்து கேள். நீ தப்புச் செய்தவனாக இருந்தால் பதினேழு நாள் எடுத்துக்கொள்ளாதே. மூன்றாம் நாளே சொல்லிவிட்டால் மூன்று நாள் வேதனையோடு போய்விடும்.

அன்று உன் அப்பா வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிடும்வரை பொறுத்திருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் கை காயக் காயக் கேட்டுக்கொண்டிருந்தார். சுவரை எடுத்தால் குளியலறையே போய்விடும் என்றார். தெரியும் என்றேன். எவ்வளவு தள்ளியிருக்கிறது, சரியாகச் சொல் என்றார். நாலடி ஒரு அங்குலம் என்றேன். "அந்த ஒரு அங்குலத்தயும் சேத்தே எடுத்துருவம்" என்றார். எழுந்து போய்க் கை கழுவினார். இருபத்தெட்டு வருடமாக இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன். அவர் என்னிடம் சொன்ன வார்த்தைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், அதைத்தான் சொல்வேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, லேஅவுட்டுக்கு அனுமதி கொடுத்த அலுவலகத்தில் மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொண்ணூறை அடித்துவிட்டு எண்பத்தாறு என்று திருத்தி, மீதி எங்கள் வீட்டுக்குள் இருக்கிறது, எடுத்துவிடுகிறோம் என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாங்கிக்கொண்ட அதிகாரி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். குழி பறித்த வேலையை நிறுத்தச் சொல்லி, நேரில் வந்து அளப்பதற்கு நாளும் குறித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் சுவரை இடித்தோம். முதல் அடி நான் அடித்தேன். கடப்பாரை கையில் துள்ளியதே தவிர சிமெண்ட் சாலிட் பிளாக் அசையவில்லை. உன் அப்பா வாங்கி நாலு போடு போட்டார், சரிந்தது. சத்தம் கேட்டுக் கூட்டம் கூடிவிட்டது. வீட்டைப் பெரிதாக்குகிறோம் என்று நினைத்திருக்கிறார்கள். நான் திரும்பி நின்று, இந்தச் சுவர் பூங்காவுக்குள் இருந்தது, அளவை மறைத்துத் தப்பாகச் சொன்னேன், மனுவையும் கொடுக்காமல் கொடுத்ததாகச் சொன்னேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். கூட்டத்தில் ஒருவர், தள்ளிக் கட்டும்போதே தெரியாதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, "நான்தான் தள்ளிக் கட்டச் சொன்னன். அவ வேணாம்னுதான் சொன்னா" என்றார். கடப்பாரையைக் கீழே வைக்காமலேயே சொன்னார். அத்தனை பேர் முன்னால் அத்தனையும் ஒத்துக்கொண்டவளுக்கு அந்த ஒன்றைத் திருத்த நாக்கு எழவில்லை. அன்றைக்குத் தாங்கியது போதும் என்று இருந்துவிட்டேன். அப்புறம் நாளாக நாளாக அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. நீ பள்ளியில் சொன்னாய், கல்லூரி நண்பர்களிடம் சொன்னாய், உன் கல்யாணத்தில் மைக்கில் சொன்னாய். ஒவ்வொரு முறையும் அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். இதை எழுதுகிறேன் என்று சொன்னபோதுகூட, அதை எதுக்கு இப்போ கிளறுறே என்றுதான் கேட்டார். அவர் சுமந்தது போதும்.

எங்கள் சுவர் விழுந்ததும் மற்றவர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நம் வரிசையில் இன்னும் மூன்று வீடுகள் தள்ளியிருந்தன. இரண்டு வீட்டுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வேலியைப் பின்னால் நகர்த்தினார்கள். சரோஜா வீட்டில் அது நடக்காது. அவர்களுடைய செப்டிக் தொட்டியே பூங்காவுக்குள் இருந்தது. கைக்குழந்தைக்காரி, கணவர் வாரத்தில் ஆறு நாள் லாரியில் இருப்பார். நம் வாசலுக்கு வந்து, தெருவே பார்க்க, "நீ யோக்கியமாவறதுக்கு எங்க வூட்ட எதுக்கு இடிக்கற?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. உன் அப்பாவும், கால்நடைப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிவண்ணாவும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். சிவண்ணா வீட்டில் கன்னடம், நம்மோடு தமிழ், மாடுகளோடு இரண்டும் கலந்து பேசுவார். சரோஜா வீட்டின் முன் பக்கத்தில் புதுத் தொட்டிக்குக் குழி தோண்டினார்கள். கல் பூமி, ஒரு நாளைக்கு ஒரு அடிதான் இறங்கியது. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதல் இரண்டு வாரம் அவள் கதவைத் திறக்கவே இல்லை. மூன்றாவது வாரம் ஒரு சொம்பு மோர் திண்டில் இருந்தது. வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அளக்க வந்த நாளில் நாலு வீதியும் அங்கே இருந்தது. நான் பாதி நாள் விடுப்பு எடுத்திருந்தேன். தோல் பைக்காரரும் வந்திருந்தார். அவருக்கு நடந்தது தெரியாது போலிருக்கிறது. நில அளவையரிடம், இங்கே இருக்கிறவர்களே பூங்காவை ஆக்கிரமித்துக்கொண்டுதான் எங்கள் மேல் புகார் கொடுக்கிறார்கள், அந்த வீட்டுச் சுவரிலிருந்து அளந்து பாருங்கள் என்று நம் வீட்டைக் கைநீட்டிக் காட்டினார். நில அளவையர் சின்ன வயசுப் பெண். கால்வாய் ஓரத்து எல்லைக் கல்லில் நாடாவை வைக்கச் சொல்லிவிட்டு, புதுச் சிமெண்ட் வாசனை போகாத நம் சுவர் வரைக்கும் நடந்தார். குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். "தொண்ணூறு. சரியா இருக்குது" என்றார். கண்ணு, இருபது வருடத்துக்கு மேல் கம்பெனியில் எண்களைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு எண்ணைக் கேட்டு நூறு பேர் கை தட்டியது அன்றைக்குத்தான். ஜமீலாக்கா என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் என் கண்ணாடி கீழே விழுந்தது. தோல் பைக்காரர் தம் கையிலிருந்த படத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். போகிறபோது என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவர் மேல் எனக்கு இன்று கோபமில்லை. அவர் என்னிடம் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

பிறகு சில மாதங்களில் லேஅவுட் போட்டவர் அந்த இடத்தைத் தானப் பத்திரம் எழுதி ஒப்படைத்தார். மனை வாங்க வந்தவருக்கு வேறு பக்கத்தில் இடம் கொடுத்ததாகக் கேள்வி. எங்களுக்குக் கம்பி வேலியும் ஒரு தண்ணீர்க் குழாயும் கிடைத்தன. உள்ளே இருந்ததெல்லாம் முள்ளும் இரும்புச் சிம்பும்தான். முள்ளை வெட்டிவிடலாம், மண்ணுக்குள் புதைந்த சிம்பை என்ன செய்வது? பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, உடைந்த ஸ்பீக்கர்களில் இருந்த காந்தங்களைச் சேர்த்தேன். உன் அப்பா அவற்றை ஒரு நீளப் பலகையின் அடியில் வரிசையாகப் பதித்து இரண்டு பக்கமும் கயிறு கட்டிக் கொடுத்தார். மண்ணைக் கொத்திக் கிளறிவிட்டு, ஏர் இழுப்பது போல நாங்கள் பெண்கள் அதை இழுத்தோம். நாலு தப்படி போவதற்குள் பலகையின் அடியெல்லாம் தாடி முளைத்ததுபோல் சிம்பு தொங்கும். முதல் முறை புரட்டிப் பார்த்தபோது எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டோம், இதன் மேலா இத்தனை நாள் நடந்தோம் என்று. பித்தளையும் அலுமினியமும் காந்தத்துக்கு வராது என்பது என் தொழிலில் எனக்குத் தெரியும். அதற்கு மணல் சலிக்கிற சல்லடையைக் கொண்டுவந்து மண்ணைச் சலித்தோம். தெலுங்கு வீட்டுப் பெண்கள் இழுக்கிறபோது ஒரு பாட்டு, கன்னட வீட்டுப் பெண்கள் இழுக்கிறபோது வேறு பாட்டு. எனக்குப் பாட வராது, கயிறு இழுக்க மட்டும் வந்தது. ஒரு மழைக்காலம் தொடங்கி அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அந்த மண்ணை மூன்று தடவை இழுத்து முடித்தோம்.

சாணியும் கன்றுகளும் சிவண்ணா பொறுப்பு. "ஹொங்கே வைங்கம்மா, தண்ணி மறந்தாக்கூட நிக்கும்" என்றார். ஹொங்கே என்றால் புங்கன். இன்று நீங்கள் நடக்கிற பாதைக்கு நிழல் கொடுப்பவை அவர் வைத்தவைதான். ஜமீலாக்காவின் கணவர் மாங்கன்று கொண்டுவந்தபோது பெரிய சண்டை. காய்த்தால் கல்லெறிவார்கள், ஜன்னல் உடையும் என்று ஒரு கட்சி. கடைசியில் ஒன்றே ஒன்று நடுவில் வைத்தோம். கல்லும் எறிந்தார்கள், ஜன்னலும் உடைந்தது. முதல் கல்லை எறிந்தவன் நீதான் என்று ஜமீலாக்கா சொல்கிறார். பர்கூரில் கிரானைட் பாலிஷ் போடுகிற உன் மாமா, விரிசல் கோடு விழுந்து கழித்துப்போட்ட ஐந்து பலகைக் கல்லை டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினார். அவைதான் இன்றைக்கும் பெஞ்சுகள். பெயர் வைப்பதில் ஒத்துப்போகவே முடியவில்லை. ஆளுக்கொரு சாமி பெயர், ஆளுக்கொரு தலைவர் பெயர். சலித்துப்போய் மூன்று மொழியிலும் 'பூங்கா' என்று மட்டும் எழுதி மாட்டிவிட்டோம்.

நீ புனேயில் ஒரு வீடு பார்ப்பாய், பிறகு வாங்குவாய். அங்கேயும் ஒரு காலி இடம் இருக்கும், அங்கேயும் கூட்டம் போட்டு யாரையாவது குறை சொல்வார்கள். கூட்டத்துக்குப் போவதற்கு முன் உன் பத்திரத்தை ஒரு தடவை பிரித்துப் பார்த்துக்கொள். உன் பக்கம் சரியாக இருந்தால் யார் வந்து மிரட்டினாலும் உன் குரல் தடுமாறாது. இல்லையென்றால் கடப்பாரையை நீயே எடு. கைவலி நாலு நாள்தான் இருக்கும்.

கதவு போட்ட முதல் சாயங்காலத்தைச் சொல்லி முடிக்கிறேன். விழா எதுவும் இல்லை, பூட்டைத் திறந்துவிட்டோம், அவ்வளவுதான். ஆனால் பெண்களெல்லாம் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். வேலை இருந்தால் எங்களுக்குக் கை கால் ஓடும். வேலையே இல்லாமல் ஒரு இடத்துக்கு வந்து சும்மா இருப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் நீங்கள் மட்டும் கத்திக்கொண்டு ஓடிவிட்டீர்கள். கம்பெனி பஸ் வந்து நின்றது. நீல யூனிஃபார்மில் ஏழெட்டுப் பெண்கள் இறங்கி, சாப்பாட்டுப் பையோடு நேராக உள்ளே வந்து, ஒரு பெஞ்சில் விழுந்து உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார்கள். அவர்களைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. மாமாவின் கல்லில் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். வெயிலைக் குடித்த கல் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. சரோஜா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். அந்தச் செப்டிக் தொட்டிக்குப் பிறகு என்னோடு அவள் பேசியிருக்கவில்லை. "எவ்ளோ எடத்த அடச்சிக்கினு உக்காந்திருக்க, தள்ளு" என்றாள். தள்ளினேன். பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு, கையை இரண்டு பக்கமும் நீட்டிச் சோம்பல் முறித்தாள். வீட்டு வேலை அத்தனையும் கிடக்கிறது, இன்றைக்குப் போவதாக இல்லை என்றாள். தெரு விளக்கு எரிகிறவரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

இருவரும் சுகமாகப் போய்ச் சேருங்கள்.

உன் அம்மா